2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இரண்டு வழி: பஸ்ஸை ஏற்றுவதா, மல்டிப்ளையரை ஏற்றுவதா?

உங்கள் டெஸ்க்டாப்பில் சிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்திலேயே 'கிளாக்ஸ்' என்றொரு கட்டம் இருக்கும். அதற்குள் கோர் ஸ்பீடு, மல்டிப்ளையர், பஸ் ஸ்பீடு என்று எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். பின்னிரண்டையும் பெருக்கினால் முதலாவது வந்துவிடும். இன்டெல் கோர் ஐ5-2500கே என்றால் பஸ் 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 33. பெருக்கினால் 3,300 மெகாஹெர்ட்ஸ், அதாவது அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 3.3 கிகாஹெர்ட்ஸ். பிராசஸரை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும், ஓவர்கிளாக்கிங் என்ற பெரிய பெயர் வைத்திருக்கும் வித்தை முழுக்க இந்த ஒரு பெருக்கலுக்குள் இருக்கிறது. விடை பெரிதாக வேண்டுமென்றால் இரண்டு எண்களில் ஏதாவது ஒன்றைப் பெரிதாக்க வேண்டும்.

கணக்கு நோட்டில் எதைக் கூட்டினாலும் ஒன்றுதான். 100ஐ 33ஆல் பெருக்கினாலும் 3,300, 110ஐ 30ஆல் பெருக்கினாலும் 3,300. ஆனால் அந்த இரண்டு விதமாகவும் ஓட்டப்படும் கணினிகள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. வேகத்திலும் வித்தியாசம் வரும், எங்கே உடையும் என்பதிலும் வித்தியாசம் வரும். அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன பயத்தைத் தெளிவித்துவிடலாம். சிபியு-இசட்டைத் திறந்ததும், 3.3 என்று காசு கொடுத்து வாங்கிய பிராசஸர் 1.6 காட்டுகிறதே என்று பலர் பதறுவார்கள். வேலை இல்லாத நேரத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த பிராசஸர் தன் மல்டிப்ளையரைத் தானே 16க்கு இறக்கிக்கொள்ளும். ஒரு பெரிய கோப்பைச் சுருக்கக் கொடுத்துவிட்டுப் பாருங்கள், எண் ஏறிவிடும். டர்போ, அதாவது தேவைப்படும்போது தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும் வசதி, இருக்கும் பிராசஸர்களில் 33ஐயும் தாண்டும். அதேபோல பஸ் 100க்குப் பதிலாக 99.8 என்று காட்டினாலும் பழுது ஒன்றுமில்லை. ரேடியோ இரைச்சல் ஒரே அலைவரிசையில் குவியாமல் இருக்க, மதர்போர்டு வேண்டுமென்றே துடிப்பை லேசாக அலையவிடுகிறது.

துடிப்பு எங்கிருந்து வருகிறது

மதர்போர்டில் வெள்ளி நிற உலோக மூடி போட்ட குவார்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கும். மின்சாரம் கொடுத்தால் நொடிக்கு இத்தனை முறை என்று பிசகாமல் அதிர்வது அதன் குணம். 1981ல் வந்த ஐபிஎம் பிசியில் அது 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்குத் தேவையான 3.58 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாக நான்கு மடங்கு. படிகம் மலிவாகக் கிடைத்தது, கணினியைத் தொலைக்காட்சியோடு இணைக்கவும் வசதி. அதையே மூன்றால் வகுத்து 8088 பிராசஸருக்கும் கொடுத்துவிட்டார்கள். 4.77 மெகாஹெர்ட்ஸ் என்ற அந்த விநோதமான வேகம் பிறந்த கதை இதுதான்.

பிறகு வந்த கணினிகளில் படிகத்துக்குப் பக்கத்தில் கிளாக் ஜெனரேட்டர் என்று ஒரு சிப் வந்து உட்கார்ந்தது. படிகத்தின் துடிப்பை வாங்கி, பிராசஸருக்கு இவ்வளவு, ரேமுக்கு இவ்வளவு, கார்டுகளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. பிராசஸருக்குப் போகிற துடிப்பைத்தான் நாம் பஸ் வேகம் என்கிறோம். 2008 வரை இன்டெல் உலகத்தில் அதற்கு ஃப்ரன்ட் சைடு பஸ், சுருக்கமாக எஃப்எஸ்பி என்று பெயர். இப்போது பேஸ் கிளாக். பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் மதர்போர்டே காட்டும் அமைப்புப் பக்கங்களில், பிசிஎல்கே என்று பார்த்தால் அதுவும் இதுதான்.

மல்டிப்ளையர் என்ற ஒன்று ஏன் தேவைப்பட்டது? ஆரம்பத்தில் அது இல்லவே இல்லை. 486டிஎக்ஸ்-33 என்றால் பிராசஸரும் 33 மெகாஹெர்ட்ஸ், வெளியே பஸ்ஸும் 33. பிராசஸரின் வேகத்தை ஏற்றவேண்டும் என்றால் மதர்போர்டையும் அதே வேகத்துக்கு ஏற்றவேண்டும். 50 மெகாஹெர்ட்ஸ் 486 வந்தபோது அது தகராறாகிவிட்டது. பஸ்ஸோடு நேரடியாக இணைந்த கார்டுகள் பல அந்த வேகத்தில் ஒழுங்காக ஓடவில்லை. சிலிக்கனுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் வருடத்துக்கு வருடம் வேகமாகிக்கொண்டு போக, மதர்போர்டின் செப்புக் கோடுகளும் சாக்கெட்டுகளும் அந்த வேகத்துக்கு வர முடியவில்லை. அதனால் 1992ல் இன்டெல் 486டிஎக்ஸ்2 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெளியே அதே 33, உள்ளே மட்டும் 66. மல்டிப்ளையர் 2.

உள்ளே எப்படி இரண்டு மடங்கு ஆகிறது? பிராசஸருக்குள் சொந்தமாக ஓர் ஆஸிலேட்டர் சுற்று இருக்கிறது. அது உண்டாக்கும் வேகமான துடிப்பை மல்டிப்ளையர் எண்ணால் வகுத்து, வெளியிலிருந்து வரும் துடிப்போடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வகுத்து வந்தது பின்தங்கினால் ஆஸிலேட்டர் முடுக்கப்படும், முந்தினால் இழுத்துப் பிடிக்கப்படும். இரண்டும் ஒட்டிப்போகும் நிலையில் உள்ளே ஓடுவது சரியாக அத்தனை மடங்கு. ஆக, மல்டிப்ளையரை 33லிருந்து 34 ஆக்குவது என்றால் 'இனி 34ஆல் வகுத்து ஒப்பிடு' என்று பிராசஸரிடம் சொல்வது, அவ்வளவே. வெளியே இருக்கும் ரேமுக்கோ ஹார்டு டிஸ்க்குக்கோ இப்படி ஒன்று நடந்த செய்தியே தெரியாது.

கச்சேரி கேட்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பஸ் என்பது தாளத்தின் காலப்பிரமாணம். மல்டிப்ளையர் என்பது நடை, ஒவ்வோர் எண்ணிக்கைக்குள்ளும் மிருதங்கக்காரர் எத்தனை சொல் வாசிக்கிறார் என்பது. சதுஸ்ரத்திலிருந்து கண்ட நடைக்குப் போனால் வேகமாவது மிருதங்கக்காரரின் கை மட்டும். பாடகர் தன் போக்கில் பாடிக்கொண்டிருப்பார். காலப்பிரமாணத்தையே தூக்கினால் மேடையில் இருக்கும் அத்தனை பேரும் ஓடவேண்டும். அதில் ஒருவருக்கு மூச்சு வாங்கினாலும் கச்சேரி நின்றுவிடும்.

பஸ்ஸை ஏற்றியவர்களின் பொற்காலம்

பஸ்ஸை ஏற்றினால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதற்கு 1998ஐ விட நல்ல பாடம் கிடையாது. அந்த ஆகஸ்டில் இன்டெல் செலரான் 300ஏ என்ற பிராசஸரை விட்டது. விலை குறைந்த வகை. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், 4.5 மல்டிப்ளையர், 300 மெகாஹெர்ட்ஸ். மல்டிப்ளையர் பூட்டப்பட்டிருந்தது, 4.5ஐ யாராலும் அசைக்க முடியாது. ஆனால் அதே ஆண்டு வந்திருந்த 440பிஎக்ஸ் சிப்செட் (பிராசஸரை ரேமோடும் கார்டுகளோடும் இணைக்கும் சிப்கள்) மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்காகவே தயாரிக்கப்பட்டவை. 66ஐ 100 ஆக்கினால்? 450 மெகாஹெர்ட்ஸ். ஒரே தாவலில் பாதிக்குப் பாதி கூடுதல் வேகம். சுமார் 150 டாலர் பிராசஸர், அதே நாட்களில் ஏறத்தாழ 670 டாலருக்கு வந்த பென்டியம் 2 450க்குப் பக்கத்தில் போய் நின்றது. செலரானுக்குள் இருந்த கேஷ், அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்துக்கொள்ளும் குட்டி நினைவகம், 128 கிலோபைட்தான். ஆனால் அது பிராசஸரின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2இன் 512 கிலோபைட் கேஷ் தனிச் சிப்பில், பாதி வேகத்தில் ஓடியது. அதனால் பல விளையாட்டுகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை.

ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 மதர்போர்டில் இதை பயாஸுக்குள் போய் மாற்றிவிடலாம். மதர்போர்டில் ஜம்பர் என்ற குட்டி இணைப்பானைப் பிடுங்கிச் செருகும் வேலை கிடையாது. பஸ்ஸை மாற்றவிடாத மதர்போர்டு வைத்திருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பிராசஸர் கார்டின் பி21 என்ற முனைதான் 'எனக்கு 66 போதும்' என்று மதர்போர்டுக்குச் சொல்லும். அதன் மேல் ஒரு துளி நெயில் பாலிஷோ ஒரு துண்டு டேப்போ வைத்து மறைத்துவிட்டால், மதர்போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் என்று நினைத்துக்கொள்ளும்.

இதில் கவனிக்கவேண்டியது அந்த 100 என்ற எண்ணை. 90 இல்லை, 83 இல்லை, ஏன் நேராக 100? ரேமும் சிப்செட்டும் மட்டுமல்ல, பிசிஐ என்ற பொதுவான கார்டு வழி, ஏஜிபி என்ற கிராபிக்ஸ் கார்டு வழி இரண்டின் துடிப்பும் பஸ் வேகத்திலிருந்தே வகுத்து எடுக்கப்பட்டது. பிசிஐயின் முறையான வேகம் 33 மெகாஹெர்ட்ஸ். பஸ் 66 என்றால் இரண்டால் வகுப்பார்கள், 100 என்றால் மூன்றால். இரண்டு இடத்திலும் 33 வந்துவிடும். இடையில் 83 வைத்தால்? வகுப்பது இன்னும் இரண்டால்தான். பிசிஐ 41.5 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விடும். ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலரும் அந்த பிசிஐயில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. பிராசஸர் 373 மெகாஹெர்ட்ஸில் சுகமாக ஓடும், திரையில் எல்லாம் நன்றாகவே இருக்கும், டிஸ்க்கில் மட்டும் கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டு வரும். 83ஐ விட 100 பத்திரமானது என்பது தலைகீழாகத் தோன்றும், ஆனால் உண்மை அதுதான்.

ஏஜிபிக்கு வேறொரு வேதனை. 440பிஎக்ஸில் அதற்கு இருந்த வகுப்பான்கள் இரண்டே. பஸ் வேகம் அப்படியே, அல்லது மூன்றில் இரண்டு பங்கு. பிற்பாடு பென்டியம் 3க்காக பஸ்ஸை 133க்கு ஏற்றியவர்களின் கிராபிக்ஸ் கார்டு 66க்குப் பதில் 89 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. சில கார்டுகள் தாங்கின, சில தாங்கவில்லை. எந்த கார்டு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியவில்லை.

சரி, மல்டிப்ளையரை ஏன் பூட்டினார்கள்? பொதுவாக 'வாடிக்கையாளர் இலவசமாக வேகம் பெறுவதைத் தடுக்க' என்று சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் இன்னொரு திருட்டும் நடந்தது. மெதுவான பிராசஸரை வாங்கி, மேலே இருக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டு, வேகமான மாடலின் பெயரை அச்சடித்து, மல்டிப்ளையரை ஏற்றி விற்கும் கும்பல்கள் இருந்தன. பூட்டு அவர்களையும் சேர்த்தே தடுத்தது. இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டி பக்கம் கொஞ்ச காலம் பூட்டு இளகலாக இருந்தது. 2000ல் வந்த தண்டர்பேர்டு அத்லானிலும் டியூரானிலும் பிராசஸரின் மேற்பரப்பில் எல்1 என்று குறிக்கப்பட்ட சின்னச் சின்ன இணைப்புகள் வெட்டப்பட்டிருக்கும். சாதாரண பென்சிலால் அந்த இடைவெளிகளில் கோடு போட்டால் போதும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் இணைப்பு சேர்ந்துவிடும், மல்டிப்ளையர் திறந்துவிடும். அடுத்த ஆண்டு வந்த அத்லான் எக்ஸ்பியில் அந்த இடத்தில் லேசரால் குழி தோண்டிவிட்டார்கள். உடனே குழியைப் பசையால் நிரப்பி அதன்மேல் கடத்தும் பெயின்ட் பூசுவது எப்படி என்று கற்றுக்கொண்டார்கள் மக்கள். பூட்டும் சாவியும் இப்படியே துரத்திக்கொண்டு வந்த காலம் அது.

ஒரே வேகம், இரண்டு கணினி

இப்போது தலைப்பில் சொன்ன 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வரலாம். 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ ஈ6600 பிராசஸரின் பஸ் 266 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 9, விடை 2.4 கிகாஹெர்ட்ஸ். அட்டைப்பெட்டியில் பஸ் 1066 என்று போட்டிருக்கும். ஒரு துடிப்புக்குள் நான்கு முறை தரவு அனுப்புவதால் 266ஐ நான்கால் பெருக்கிப் போட்டிருக்கிறார்கள். புதியவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது. மல்டிப்ளையரோடு பெருக்கவேண்டியது 266ஐத்தான், 1066ஐ அல்ல.

இந்தப் பிராசஸரில் மல்டிப்ளையரை 9க்கு மேல் ஏற்ற முடியாது. ஆனால் கீழே 6 வரை இறக்கலாம். பூட்டு ஒரு பக்கம்தான். அதனால் ஓர் அருமையான சோதனை செய்யலாம். மல்டிப்ளையரை 6க்கு இறக்கி, பஸ்ஸை 400க்கு ஏற்றுங்கள். 400 × 6 = 2,400. பிராசஸரின் வேகம் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட மாறவில்லை. ஆனால் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே இருக்கும் வழி, நொடிக்கு சுமார் 8.5 கிகாபைட் கொண்டுபோனது 12.8 கிகாபைட் கொண்டுபோகும் அளவுக்கு அகலமாகிவிட்டது. பெரிய கோப்புகளைச் சுருக்குவது, ரேமை நிறையத் தொடும் கணக்குகள் இவற்றில் அந்த வித்தியாசம் தெரியும். கேஷுக்குள்ளேயே முடிந்துவிடும் கணக்குகளில் எதுவும் தெரியாது. பிராசஸர் வெளியே எட்டிப் பார்த்தால்தானே வழியின் அகலம் பயன்படும்.

இதன் மறுபக்கத்தை 1996லேயே பலர் அனுபவித்தார்கள். பென்டியம் 133 என்றால் 66 × 2. அதற்கு மேலே பென்டியம் 150 வந்தது. அது 60 × 2.5. உள்ளே வேகம் கூடியிருக்கிறது, வெளியே பஸ் குறைந்திருக்கிறது. அதிகப் பணம் கொடுத்து 150 வாங்கியவர்களுக்குப் பல வேலைகளில் 133ஐ விடப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை.

கோர் 2 காலத்தில் பஸ் ஏற்றுவது பழைய அளவுக்கு ஆபத்தில்லை. பிசிஐ, அதற்குப் பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் இவற்றின் துடிப்புகளை 33க்கும் 100க்கும் தனியாகப் பூட்டிவைக்கும் வசதி மதர்போர்டுகளில் வந்துவிட்டது. டிஸ்க் கெடும் பயம் போனது. மிச்சம் மூன்று பேர்: பிராசஸர், அதை ரேமோடு இணைக்கும் நார்த்பிரிட்ஜ் சிப், ரேம். குறைந்த விலை ஈ6300ஐ எடுத்துக்கொண்டால் 266 × 7 = 1.86 கிகாஹெர்ட்ஸ். பஸ்ஸை 400 ஆக்கினால் 2.8. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும் டிடிஆர்2-800 ரேமின் சொந்தத் துடிப்பும் 400தான் என்பதால் ரேம் சிரமமே படாது. ஆனால் மதர்போர்டு 400ஐத் தாங்கவேண்டும். 7 என்ற சின்ன மல்டிப்ளையர் இருப்பவர் நல்ல மதர்போர்டு வாங்கியாகவேண்டும்; 9 இருப்பவருக்கு அதே வேகத்துக்கு 311 போதும். மலிவான பிராசஸருக்கு விலை கூடின மதர்போர்டு என்ற இந்த வேடிக்கை, பஸ் வழியில் போகிறவர்களுக்கே உரியது.

தொடங்குகிறவர்களுக்கு இதில் மறைந்திருக்கும் பெரிய தலைவலி வேறு. பஸ்ஸை ஏற்றிய கணினி நீலத்திரை காட்டி விழுந்தால், குற்றவாளி யார்? மூன்று பேரும் சேர்ந்தே ஏறியிருக்கிறார்கள், மூன்று பேர் மீதும் சந்தேகம். அனுபவசாலிகள் ஒவ்வொருவராகத்தான் விசாரிப்பார்கள். மல்டிப்ளையரை 6க்கு இறக்கிவிட்டு பஸ்ஸை மட்டும் ஏற்றிப் பார்த்தால் மதர்போர்டின் எல்லை தெரியும். பஸ்ஸோடு ஒப்பிட்ட ரேமின் வேக விகிதத்தை இறக்கிவைத்துவிட்டால் ரேம் வழக்கிலிருந்து விடுபடும். அப்புறம்தான் பிராசஸர். பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. மல்டிப்ளையர் வழியில் இந்த விசாரணையே வேண்டாம். மாற்றியது பிராசஸரை மட்டும், விழுந்தால் காரணம் பிராசஸர்தான்.

கதவு மாறிய 2011

2008 நவம்பரில் வந்த முதல் கோர் ஐ7களோடு எஃப்எஸ்பி போய்விட்டது. ரேமைப் பிராசஸரே நேரடியாகப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது. பேஸ் கிளாக் 133 மெகாஹெர்ட்ஸ். ஐ7-920 என்றால் 133 × 20 = 2.66 கிகாஹெர்ட்ஸ், அதை 200 × 20 என்று 4.0க்குக் கொண்டுபோனவர்கள் ஏராளம். பஸ் வழியின் கடைசிப் பெரிய விளையாட்டு அது.

2011 ஜனவரியில் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறைப் பிராசஸர்கள் வந்தன, கதவு மூடியது. தனியாக இருந்த கிளாக் ஜெனரேட்டரின் வேலையை சிப்செட்டே எடுத்துக்கொண்டது. பிராசஸர், பிசிஐ எக்ஸ்பிரஸ், டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா எல்லாமே ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் கட்டப்பட்டன. 105ஐத் தொடும்போதே பல கணினிகள் தள்ளாட ஆரம்பித்துவிடும். ஒருவேளை தாங்கினாலும் கிடைப்பது என்ன? 33ஆல் பெருக்கினால் வெறும் 165 மெகாஹெர்ட்ஸ் கூடுதல். பஸ் வழி முடிந்தது.

அதற்குப் பதிலாக இன்டெல் மல்டிப்ளையரைத் திறந்துவிட்டது, காசுக்கு. பெயரின் கடைசியில் கே என்ற எழுத்து இருக்கும் மாடல்களில் மட்டும், அதுவும் பி67, இசட்68 போன்ற குறிப்பிட்ட சிப்செட் மதர்போர்டுகளில் மட்டும். எச்61 மதர்போர்டில் 2500கேவைப் போட்டால் அந்த கேவுக்கு மரியாதை கிடையாது. சரியான மதர்போர்டு இருந்தால் வேலை படு சுலபம். 33ஐ 45 ஆக்கு, கொஞ்சம் வோல்டேஜ் கொடு, 4.5 கிகாஹெர்ட்ஸ். ஓவர்கிளாக்கிங் சாதாரண ஆட்களுக்கும் எட்டியது அப்போதுதான். அதில் இருந்த கைவேலையின் சுவாரசியமும் அப்போதே போய்விட்டது என்பது என் அபிப்பிராயம்.

நடுவில் ஒருமுறை பழைய கதவு கொஞ்சம் திறந்தது. 2015ல் வந்த இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறையில் பேஸ் கிளாக்கையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் துடிப்பையும் மறுபடி பிரித்திருந்தார்கள். அந்த டிசம்பரில் சில மதர்போர்டு நிறுவனங்கள் கே இல்லாத பிராசஸர்களிலும் பேஸ் கிளாக்கை ஏற்றவிடும் பயாஸ்களை வெளியிட்டன. ஐ3-6100 என்ற மலிவான பிராசஸருக்கு 37 மல்டிப்ளையர். பேஸ் கிளாக்கை 127 ஆக்கினால் 4.7 கிகாஹெர்ட்ஸ். ஆனால் உள்ளிருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது, மின்சாரச் சிக்கன நிலைகள் போய்விடும், பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் மந்தமாகும், வெப்பநிலைகூடச் சரியாகத் தெரியாது. 2016 தொடக்கத்தில் இன்டெல், மைக்ரோகோடு என்ற பிராசஸரின் உள் மென்பொருளின் புதுப்பிப்பால் அந்தக் கதவையும் சாத்தியது.

ஏஎம்டி இதில் தாராளம். 2017லிருந்து வந்த ரைசன் டெஸ்க்டாப் பிராசஸர்களில் பெரும்பாலும் எல்லாவற்றிலும் மல்டிப்ளையர் திறந்தே இருக்கிறது. மதர்போர்டு பி350, எக்ஸ்370 போன்ற வகையாக இருக்கவேண்டும், ஏ320ல் நடக்காது. விதிவிலக்குகளில் ஒன்று 2022ல் வந்த 5800எக்ஸ்3டி. பிராசஸருக்கு மேல் அடுக்கிய கேஷ் அதிக வோல்டேஜைத் தாங்காது என்பதால் அதைப் பூட்டியே விற்றார்கள்.

வோல்டேஜும் சூடும்

இரண்டு வழியில் எதில் போனாலும் கடைசியில் முட்டும் சுவர் ஒன்றுதான். 4.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கு இருக்கும் நேரம் 0.22 நானோநொடி. ஒளியே அதற்குள் ஏழு சென்டிமீட்டரைத் தாண்டாது. அந்த நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான பாதைகளில் டிரான்சிஸ்டர்கள் வரிசையாகத் திறந்து மூடி, விடை நிலைத்து நிற்கவேண்டும். ஒரே ஒரு பாதை தாமதமானாலும் தப்பான விடை எடுத்துக்கொள்ளப்படும். வோல்டேஜைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் சீக்கிரம் மாறும், அதனால்தான் வேகத்தோடு வோல்டேஜும் ஏறுகிறது.

அதற்கு விலை உண்டு. செலவாகும் மின்திறன் வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். 3.3லிருந்து 4.5க்குப் போகும்போது வோல்டேஜை 1.2லிருந்து 1.35 ஆக்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 1.36 மடங்கு, வோல்டேஜின் வர்க்கம் 1.27 மடங்கு, பெருக்கினால் 1.7 மடங்குக்கு மேல் சூடு. பிராசஸரோடு பெட்டியில் வரும் சின்ன ஃபேன் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையின் காற்றை விடக் குளிர்ச்சியாக அதனால் ஆக்க முடியாது என்பதையும் மறக்கவேண்டாம். ஐரோப்பியர் ஒருவர் 20 டிகிரி அறையில் 75 டிகிரி காட்டி மகிழும் அமைப்பு, மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் 90ஐத் தாண்டிப் போய் நிற்கும். நமக்கான சோதனையைக் கோடையில் செய்து பார்ப்பதே நல்லது.

இப்போது எதைத் தொடுவது

திறந்த மல்டிப்ளையர் இருந்தால் அதைத் தொடுங்கள், பேஸ் கிளாக்கை 100லேயே விட்டுவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கையில் இருப்பது கோர் 2 மாதிரிப் பழைய கணினி என்றால் வேறு வழியில்லை, பஸ்தான். அங்கே அதனால் உண்மையான லாபமும் இருக்கிறது.

பூட்டிய பிராசஸர் வைத்திருப்பவர்கள் ஏங்கவேண்டாம். பஸ்ஸை ஏற்றினால் கிடைத்த லாபத்தில் ஒரு பாதி, ரேமுக்குப் போகும் வழி வேகமாவதால் வந்தது. அந்தப் பாதி இப்போது தனியாகவே கிடைக்கிறது. 3,600 வேகத்துக்கு வாங்கிய டிடிஆர்4 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால் 2,133லோ 2,400லோ ஓடிக்கொண்டிருக்கும். இப்படி ஓடும் கணினிகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. ரைசனில் இது இன்னும் முக்கியம். பிராசஸரின் பகுதிகளை இணைக்கும் உள்வழி, ரேமின் துடிப்போடு ஒன்றுக்கு ஒன்று என்று ஓடும்போதுதான் நன்றாக இருக்கும். டிடிஆர்4-3600 என்றால் இரண்டும் 1,800 மெகாஹெர்ட்ஸ்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இன்றைய பிராசஸர்கள் சூட்டையும் மின்சாரத்தையும் அளந்து பார்த்து மல்டிப்ளையரைத் தாங்களே ஏற்றி இறக்குகின்றன. எல்லா கோர்களையும் ஒரே எண்ணில் கையால் நிறுத்தினால் சில சமயம் நஷ்டம்தான். ரைசன் 7 3700எக்ஸ் ஒரே கோருக்கு வேலை இருக்கும்போது 4.4 வரை தானே போகும், எல்லாவற்றையும் 4.2ல் பூட்டினால் அந்த 4.4 போய்விடும். 2011ல் 3.3ஐ 4.5 ஆக்கிய மாதிரியான அறுவடையை இப்போது எதிர்பார்க்கக்கூடாது.

செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தால், முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஓவர்கிளாக்கால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடைக்காது என்பதும் நினைவிருக்கட்டும். பயாஸில் மல்டிப்ளையரை ஒன்று ஏற்றுங்கள், விண்டோஸுக்குள் வந்து பிராசஸரை முழு மூச்சாக வேலை வாங்கும் பிரைம்95 மாதிரி ஒன்றை ஓடவிடுங்கள், எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பநிலையைப் பாருங்கள். தாங்கினால் இன்னும் ஒன்று. விழுந்தால் வோல்டேஜை 0.01, 0.02 என்று சிறு படியாகக் கூட்டுங்கள். மதர்போர்டின் 'ஆட்டோ' வோல்டேஜை நம்பி விட்டால் அது தேவைக்கு மேல் அள்ளிக் கொடுத்துவிடும். பஸ்ஸை ஏற்றுகிறவர்கள் கூடவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிடவேண்டும். கணினி விழாமல் இருப்பது மட்டும் போதாது. தப்பான ஒரு பிட் டிஸ்க்கில் எழுதப்பட்டால் அது உங்களுக்குத் தெரிவது மாதங்கள் கழித்து.

திரையே வராமல் போனால் பதறவேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டில் பயாஸ் அமைப்புகளை அழிக்க இருக்கும் சீமாஸ் ஜம்பரைக் கையேட்டில் சொன்னபடி இணையுங்கள், அல்லது நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வையுங்கள். எல்லாம் பழைய எண்களுக்குத் திரும்பிவிடும். எல்லாம் என்றால் எல்லாமும்தான். தேதி, பூட் வரிசை, சாட்டா டிஸ்க்குகள் ஏஎச்சிஐ, ரெய்டு என்ற இரண்டு முறைகளில் எதில் ஓடுகின்றன என்பது உட்பட. அந்தக் கடைசி அமைப்பு மாறிவிட்டால் விண்டோஸ் ஏறாது, ஓவர்கிளாக்தான் எதையோ கொன்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் எதையும் தொடுவதற்கு முன்பே பயாஸ் பக்கங்களைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.